தியான்: ஓவனில் நிதானமாக வேகும் புரோவான்ஸ் காய்கறி, மேலே பச்சை பேசில் எண்ணெய்

தக்காளி, கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரிக்காய் போல் நீளமான பூசணி வகை) மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை அவசரப்படாமல் வற்றவைத்து, காயின் இனிப்பையும் புளிப்பையும் பாத்திரத்திலேயே தங்கவைப்பதுதான் தியான் சமையல். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். பிடிபடாவிட்டால், மேலே அழகான அடுக்கும் அடியில் அரை டம்ளர் வெந்நீரும்தான் மிஞ்சும். எனக்கு முதல் இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. அதனால் இந்த வழிகாட்டியில் அடுக்குவதைப் பற்றிக் குறைவாகவும் தண்ணீரைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

தியான் பிரான்ஸின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய புரோவான்ஸ் பகுதியின் வீட்டுச் சாப்பாடு. அந்தப் பேச்சில் தியான் என்பது முதலில் பாத்திரத்தின் பெயர். வாய் அகன்று, அடி குறுகி, உள்பக்கம் மெருகு பூசிய மண் பாத்திரம் அது. அந்தப் பக்கத்தில் ஒபாஞ், வல்லோரிஸ் ஆகிய ஊர்கள் மண்பாண்டத்துக்குப் பேர்போனவை. பாத்திரத்தின் பெயரே அதில் வேகும் பண்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய தியான்களில் இந்த வரிசை அடுக்கெல்லாம் இருக்காது. கீரையையோ பூசணி வகையையோ பொடியாக நறுக்கி, கொஞ்சம் அரிசி, முட்டை, சீஸ் சேர்த்துப் பரப்பி வேகவைத்துவிடுவார்கள். தக்காளி ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ம் நூற்றாண்டில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து. கத்தரிக்காய் நம் பக்கத்திலிருந்து அரேபியர் வழியாகப் போனது. சுக்கினியை இத்தாலியர் 19-ம் நூற்றாண்டில் உருவாக்கினார்கள். இந்த மூன்றும் ஒரே பாத்திரத்தில் வரிசையாக நிற்பது அவ்வளவு பழைய வழக்கமாக இருக்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பலர் இதை ரட்டடூயி என்கிறார்கள். ரட்டடூயி நீஸ் நகரத்துப் பண்டம். காய்களைத் துண்டு துண்டாக நறுக்கி, தனித்தனியாக வதக்கி, பிறகு ஒன்றாக அடுப்பில் சேர்ந்து வேகும் கூட்டு மாதிரி அது. அதே பெயரில் 2007-ல் வந்த அனிமேஷன் படத்தில் எலி செய்யும் மெல்லிய வட்டங்களின் அடுக்கு, சமையல் கலைஞர் மிஷேல் கெரார் 1976-ல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து அமெரிக்கரான தாமஸ் கெல்லர் வளர்த்தெடுத்தது. தியான் அந்த இரண்டுக்கும் உறவுதான், ஆனால் தனிக் குடும்பம்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேருக்கு, சுமார் 28 செ.மீ. நீளமுள்ள பீங்கான் அல்லது மண் ஓவன் பாத்திரம் ஒன்று. அலுமினியத் தட்டு வேண்டாம். தக்காளிப் புளிப்பு அதோடு ஒத்துப்போகாது.

நீளக் கத்தரிக்காய் 300 கிராம்
சுக்கினி 2 (சுமார் 350 கிராம்)
கெட்டியான, நீள்வாக்கான தக்காளி 500 கிராம்
பெரிய வெங்காயம் 3 (300 கிராம்)
பூண்டு 4 பல்
ஆலிவ் எண்ணெய் 6 மேசைக்கரண்டி
பச்சை தைம் என்ற வாசனை இலை 7, 8 கொத்து (காய்ந்தது என்றால் 1 டீஸ்பூன்)
உப்பு, மிளகு

எண்ணெய்க்கு: பேசில் இலை 40 கிராம், பார்ஸ்லி இலை 10 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 80 மி.லி., நல்ல ஆலிவ் எண்ணெய் 70 மி.லி., ஐஸ் கட்டி ஒரு கிண்ணம்.

கடையில் காய் பொறுக்கும்போதே பாதி வேலை முடிகிறது. மூன்று காயும் ஏறக்குறைய ஒரே குறுக்களவாக, நான்கிலிருந்து ஐந்து செ.மீ. இருக்கட்டும். பருமன் மாறினால் சிறிய வட்டம் பெரியவற்றுக்கு நடுவே புதைந்துவிடும், அதன் தண்ணீர் வற்றாது. கத்தரிக்காய் கையில் கனமில்லாமல் பஞ்சு மாதிரி இருந்தால் முற்றிவிட்டது, உள்ளே விதை நிறைய இருக்கும். தக்காளி சிவந்திருக்க வேண்டும், ஆனால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ரசத்துக்கு வாங்கும் நாட்டுத் தக்காளி இதற்கு ஆகாது. அதில் சாறும் விதையும் அதிகம், சதை குறைவு.

தைமுக்குப் பதில் ஓமம் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தைமால் என்ற வாசனைப் பொருள் இரண்டிலும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஓமம் காரமாக முன்னால் வந்து நின்று காயின் ருசியை அமுக்கிவிடும். காய்ந்த தைமே மேல். பிரிஞ்சி இலையும் வேண்டாம். பிரெஞ்சுக்காரர் சமையலில் போடும் லாரல் இலை வேறு மரத்துடையது. நம் பிரிஞ்சி இலையில் பட்டை வாசம் தூக்கும்.

பேசில் எண்ணெயை முதலில் செய்துவிடுங்கள்

இது ஓவனுக்குள் போகாது, சாப்பிடும்போது மேலே விடுவது. ஆனால் வடிவதற்கு நேரம் எடுக்கும் என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

பேசில் இலையைப் பச்சையாக மிக்ஸியில் போட்டு எண்ணெயோடு அரைத்தால் பத்து நிமிடத்தில் கருத்துவிடும். வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கருப்பது மாதிரிதான் இதுவும்: இலை நைந்ததும் உள்ளே இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து வேலையைக் காட்டுகிறது. சூடு பட்டால் அந்த நொதி அடங்கிவிடும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர் தயாராக இருக்கட்டும். பேசிலையும் பார்ஸ்லியையும் கொதிநீரில் போட்டு, பத்து வரை எண்ணி, ஜல்லிக்கரண்டியால் அள்ளி நேராக ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். நேரம் கூடினால் வாசம் தண்ணீரோடு போய்விடும்.

இலை ஆறியதும் பிழிய வேண்டும். சும்மா பிழிந்தால் போதாது. சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, இரு முனையையும் எதிர் எதிராக முறுக்கி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். பிறகு துணியைப் பிரித்தால் இலை எலுமிச்சை அளவு உருண்டையாக இருக்கும். அதை உதிர்த்து இன்னொரு காய்ந்த துணியில் ஐந்து நிமிடம் பரப்பிவிடுங்கள். ஈரம் தங்கினால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

உதிர்த்த இலையையும் சூரியகாந்தி எண்ணெயையும் சின்ன மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். ஜார் வெதுவெதுப்பாகிவிட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். மொத்தம் ஒன்றரை நிமிடம் ஓடினால் போதும். ஆலிவ் எண்ணெயை நான் மிக்ஸியில் விடுவதில்லை, வேகமாகச் சுற்றினால் அதன் கசப்பு மேலே வருகிறது. அரைத்த பிறகு கரண்டியால் கலந்துகொள்ளலாம்.

ஒரு வடிகட்டியில் இரண்டாக மடித்த மல்மல் துணியைப் போட்டு, கலவையை ஊற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். துணியைப் பிழிய கை துறுதுறுக்கும், வேண்டாம். பிழிந்தால் இலைத் துகள் இறங்கி எண்ணெய் மங்கிவிடும். தானாக வடிந்தால் வாழைக்குருத்தைக் கரைத்தது போன்ற நிறம் வரும், வெளிச்சத்தில் பிடித்தால் அடிவரை தெரியும். துணியில் தங்கும் விழுதைக் கொட்டாதீர்கள், மறுநாள் ரொட்டியில் தடவலாம். உப்பை எண்ணெயில் போட்டுப் பயனில்லை, கரையாது. பரிமாறும்போது காயின் மேல் தூவிக்கொள்ளலாம்.

பேசில் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. நம் திருநீற்றுப்பச்சிலையும் இத்தாலியன் பேசிலும் ஒரே தாவர இனம், சப்ஜா விதை தருவது அதுதான். வாசம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும் என்பதால் பாதி திருநீற்றுப்பச்சிலை, பாதி பார்ஸ்லி என்று எடுத்துக்கொண்டால் நன்றாக வருகிறது. துளசி வேண்டாம். அது இன்னொரு இனம், கிராம்பு மாதிரி ஒரு நெடி உண்டு.

மிக்ஸி இல்லாமல் செய்யும் பழைய வழியும் இருக்கிறது. புரோவான்ஸில் அதற்கு பிஸ்தூ என்று பெயர். இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பேசில் விழுதான பெஸ்தோவுக்குத் தங்கை என்று சொல்லலாம், ஆனால் இதில் பைன் விதை கிடையாது. சின்ன உரலில் இரண்டு பல் பூண்டைக் கல்லுப்போடு மசித்து, கைப்பிடி பேசில் இலையைச் சேர்த்து நைத்து, ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்க வேண்டும். இது கெட்டியாக, பூண்டு வாசத்தோடு இருக்கும். உடனே சாப்பிடுவதற்கு மட்டும்.

ஏன் உடனே என்கிறேன் என்றால், எண்ணெய்க்குள் மூழ்கிய பச்சைப் பூண்டுக்குக் காற்று படாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர அதுதான் வாகான இடம். 1985-ல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். நிறமோ மணமோ மாறித்தான் கெடும் என்று நினைக்க வேண்டாம். பூண்டில்லாத பேசில் எண்ணெயையும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவிடலாம்.

வெங்காயப் படுக்கை

வெங்காயத்தை மெல்லிசாக நீளவாக்கில் நறுக்குங்கள். அடிகனமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், வெங்காயம், அரை டீஸ்பூன் உப்பு, மூன்று கொத்து தைம். தீ சிறியதாக இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் மூடி வைத்து, பிறகு திறந்து, அரை மணி நேரம் வரை சுருள வதக்க வேண்டும். பிரியாணிக்கு வறுப்பதுபோல் சிவக்கக் கூடாது. நாக்கில் வைத்தால் நறுக்கென்று கடிபடாமல் கரைய வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் நறுக்கிய பூண்டு. இந்தப் படுக்கைதான் மேலிருந்து இறங்கும் சாற்றை வாங்கிக்கொள்ளப் போகிறது, அதனால் இதில் ஈரம் மிச்சமிருக்கக் கூடாது. வாணலியைச் சாய்த்தால் எண்ணெய் மட்டும் ஓட வேண்டும்.

நறுக்குவதும் உப்பில் போடுவதும்

இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் என்ன கனமோ, அந்தக் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். ஏறக்குறைய நான்கு மி.மீ. சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் கத்தரிக்கும் சுக்கினிக்கும் அது போதும். தக்காளிக்குப் பல் வைத்த கத்திதான் சரி. இதைவிட மெல்லிசாகப் போனால் காய் சுருண்டு காய்ந்துவிடும், தடித்தால் நடுவில் வேகாது.

கத்தரிக்காய், சுக்கினி வட்டங்களில் ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவிப் பிசறி, வடிகட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். கசப்பு போக என்று சொல்வார்கள். இப்போது வரும் கத்தரிக்காயில் அவ்வளவு கசப்பு இல்லை. உண்மையான பலன் வேறு: கத்தரிக்காய்க்குள் பஞ்சு மாதிரி காற்றறைகள் இருக்கின்றன. உப்பு தண்ணீரை வெளியே இழுத்ததும் அவை அமுங்கிவிடும், எண்ணெயை உறிஞ்சிக் குடிக்காது. அரை மணி கழித்து வட்டத்தை வளைத்துப் பாருங்கள், ஒடியாமல் தோல் மாதிரி வளையும். துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள், கழுவ வேண்டாம். தக்காளி வட்டங்களை உப்பில்லாமல் துணியில் பரப்பினாலே போதும். அவற்றின் வாலும் தலையும் வெங்காயத்தோடு போகட்டும்.

அடுக்குவது

ஓவன் பாத்திரத்தில் வெங்காயத்தைச் சமமாகப் பரப்புங்கள். தக்காளி, கத்தரி, சுக்கினி என்ற வரிசையில் வட்டங்களைச் செங்குத்தாக, கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள். வெற்றிலைக் கடையில் இலையை ஒன்றன் மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கியிருப்பார்களே, அந்த நெருக்கம் வேண்டும். இறுக்கமாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், வேகும்போது நிறையச் சுருங்கும். இளக்கமாக அடுக்கினால் எல்லாம் சரிந்து படுத்துவிடும். மேலே மிளகு, தைம், நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். காய் ஏற்கெனவே உப்பில் ஊறியதால் தக்காளியின் மேல் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு போதும்.

ஓவனில்

ஓவனை 180 டிகிரிக்குப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். ஓடிஜி என்னும் சின்ன மின்சார ஓவன் என்றால் மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, பாத்திரம் நடுத்தட்டில். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 160. சாதாரண மைக்ரோவேவில் இது வராது, காய் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். சூடான காற்றைச் சுற்றவிடும் கன்வெக்ஷன் வசதி உள்ளது என்றால் சரி.

பாத்திரத்தின் அளவுக்கு வெட்டிய பட்டர் பேப்பரைக் காயின் மேல் ஒட்டினாற்போல் போட்டு, அதன் மேல் ஃபாயிலால் மூடி 45 நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீரை வற்றவைக்கத்தானே இவ்வளவும், பிறகு எதற்கு மூட வேண்டும் என்று தோன்றும். காரணம் தக்காளி. குழம்பில் புளி விட்ட பிறகு காய் வேக நேரமாகும் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். புளிப்பு பட்டால் காயின் நாரும் பசையும் சீக்கிரம் இளகாது. இங்கே ஒவ்வொரு கத்தரி வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு தக்காளி வட்டம் புளிப்பை விட்டுக்கொண்டே இருக்கிறது. மூடாமல் வைத்தால் மேல் ஓரம் கருகியிருக்கும், உள்ளே கத்தரி இன்னும் பல்லில் ரப்பராக இழுபடும். முதலில் மூடி நீராவியில் வேகட்டும், அப்புறம் திறந்து வற்றட்டும்.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் ஃபாயிலையும் பேப்பரையும் எடுத்துவிடுங்கள். ஆவி முகத்தில் அடிக்கும், எதிர்ப்பக்கம் திறப்பது நல்லது. பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் ஓரத்தில் தண்ணியாக, வெளிர் ஆரஞ்சு நிறத்தில் சாறு ஓடும். இந்தக் கட்டத்தில் அது சரியானதுதான். திறந்தபடியே 35 முதல் 45 நிமிடம் வையுங்கள். கடிகாரத்தைவிட ஓரத்துச் சாற்றைப் பாருங்கள். முதலில் பெரிய குமிழாக வேகமாகக் கொதிக்கும். வற்ற வற்றக் குமிழ் சிறுத்து, மெதுவாகி, பாகு மாதிரி பளபளக்கும். தக்காளித் தோலின் விளிம்பு அங்கங்கே கருஞ்சிவப்பாகும். கத்திமுனையைக் கத்தரி வட்டத்தில் விட்டால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். அதுதான் பதம்.

மேல்பக்கம் முந்திக்கொண்டு கருத்தால் ஃபாயிலை இளக்கமாக மேலே போடுங்கள். கத்தரி வேகவில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து மறுபடி மூடிப் பதினைந்து நிமிடம். எல்லாம் வெந்தும் தண்ணீர் நிற்கிறதா? சாற்றைச் சாய்த்து ஒரு சின்ன வாணலியில் ஊற்றி, பாகு பதத்துக்குச் சுண்டவைத்து, கரண்டியால் திரும்ப அடுக்கின் மேலேயே விட்டுவிடுங்கள். அந்தச் சாற்றைக் கொட்டினால் தியானின் பாதி ருசி சிங்க்கில் போகிறது என்று அர்த்தம்.

பரிமாறுவது

ஓவனிலிருந்து எடுத்ததும் தொடாதீர்கள். குறைந்தது 25 நிமிடம் ஆறட்டும். சூடாக இருக்கும்போது புளிப்பு மட்டும் தெரியும். வெதுவெதுப்புக்கு இறங்கியதும் வெங்காயத்தின் இனிப்பு மேலே வரும், சாறும் இறுகிக் காயோடு ஒட்டும். புரோவான்ஸில் கோடையில் ஆறிப்போன தியானையே சாப்பிடுவார்கள், பக்கத்தில் சுட்ட மீனோ ஆட்டுக்கறியோ இருக்கும். எனக்கு மொறுமொறு ரொட்டி இருந்தால் போதும், அடியில் உள்ள வெங்காயத்தை வழித்துச் சாப்பிட அதுதான் வசதி.

தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் பேசில் எண்ணெய், ஆளுக்கு இரண்டு டீஸ்பூன். ஒன்றரை மணி நேரம் வெந்த காயில் ஆழமான ருசி இருக்கும், ஆனால் பச்சை வாசம் எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் காயில் விட்டால் அந்த வாசம் ஆவியாகப் போய்விடும், நிறமும் மங்கும். அதற்காகவும்தான் ஆறவிடச் சொன்னேன். ஈரமில்லாத கரண்டியால், வட்டங்களுக்கு நடுவே இறங்கும்படி விடுங்கள். மேலே நுணுக்கிய கல்லுப்பு ஒரு சிட்டிகை.

சீஸ் வேண்டுமென்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆட்டுப்பால் சீஸை உதிர்த்துப் போடலாம். மொஸரெல்லா வேண்டாம், அது மறுபடி தண்ணீர் விடும். உருளைக்கிழங்கு சேர்ப்பவர்கள் வட்டங்களை உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்துவிட்டு அடுக்குங்கள், தக்காளிக்குப் பக்கத்தில் பச்சைக் கிழங்கு வேகவே வேகாது.

மிச்சமிருந்தால் மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். ஓரமாக மிஞ்சும் நாலைந்து வட்டங்களை அடிவெங்காயத்தோடு நறுக்கி முட்டையில் அடித்து ஆம்லெட் போட்டு, உறையவைத்த பேசில் எண்ணெயில் ஒரு கட்டியை உருக்கி மேலே விட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது.